வராதவர்களின் டாக்டர்

ஒரு கிராமத்து டாக்டர், தன் ஊரில் அடுத்தடுத்து நேர்ந்த 500 சாவுகளை எடுத்து வைத்துக்கொண்டு விசாரணை நடத்தினார். மாரடைப்பு, பக்கவாதம், புற்றுநோய், நெஞ்சுச் சளி என்று எந்த ஊரிலும் வழக்கமாக வரும் சாவுகள்தான். ஒவ்வொன்றிலும் அவர் கேட்டது இதுதான்: இதைத் தவிர்த்திருக்க முடியுமா? முடியும் என்றால் கோட்டை விட்டது யார்? சிகரெட்டை விடாத நோயாளியா, பெரிய ஆஸ்பத்திரியா, இல்லை நானா? கிட்டத்தட்ட பாதிச் சாவுகளில், தவிர்த்திருக்கக்கூடிய காரணம் ஏதோ ஒன்று இருந்தது. அதில் பெரும்பங்கு புகையும் குடியுமாக நோயாளிகள் பக்கம் போனது. ஆனால் ‘நான்’ என்ற கட்டமும் காலியாக இல்லை. 1987-இல் அந்தக் கணக்கை, உடன் உழைத்தவரோடு சேர்ந்து ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் தன் பெயர் போட்டு வெளியிட்டார்.

ஜூலியன் டியூடர் ஹார்ட் என்பது அவர் பெயர். வேல்ஸ் மலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் இருக்கும் கிளின்கோருக், அவருடைய ஊர். நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த கிராமம். ஜனத்தொகை சுமார் இரண்டாயிரம். 1961-இல் அங்கே போய்ச் சேர்ந்தவர், கால் நூற்றாண்டு அதே ஊரில் இருந்தார். அவர் இருக்கும்போதே, 1970-இல் ஊர்ச் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது. வேலை போன ஊரில் என்னென்ன நோய் வருமோ அத்தனையும் வந்தது.

கேம்பிரிட்ஜில் படித்தவர், கம்யூனிஸ்ட், கிராமத்துக்கு வந்த தியாகி என்று இவரைப் படம் பிடிப்பது எளிது. அப்படி எழுதினால் விஷயம் தவறிவிடும். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவை நிறுவிய ரிச்சர்ட் டாலிடமும், எந்த வைத்தியத்தையும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே என்று வாழ்நாள் முழுக்கச் சண்டை போட்ட ஆர்ச்சி காக்ரேனிடமும் வேலை பார்த்துவிட்டு வந்தவர் அவர். எண்ணிக்கை என்பது அவர் கையில் ஸ்டெதாஸ்கோப் மாதிரி ஒரு கருவி. அதை எடுத்துக்கொண்டுதான் மலை ஏறினார்.

எண்ணத் தொடங்கியவருக்கு முதலில் தட்டுப்பட்டது, தன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த கூட்டம் ஊர் இல்லை என்பது. இருமல், மூட்டு வலி, பிள்ளைக்குக் காய்ச்சல், வேலைக்குப் போக முடியவில்லை என்று சர்டிபிகேட் என வருபவர்கள் வந்துகொண்டேயிருந்தார்கள். வராதவர்கள் யார்? நாற்பது வயதுச் சுரங்கத் தொழிலாளி வரவில்லை. அவருக்கு எந்த வலியும் இல்லை. பிரஷர் நூற்றெண்பதில் நிற்கும்; வலிக்காது. ஒரு நாள் காலை பேச்சு குழறிக் கை விழும்போதுதான் வீட்டார் டாக்டரைத் தேடுவார்கள்.

அதனால் அவர் ஊர் முழுவதற்கும் பிரஷர் பார்ப்பது என்று முடிவு செய்தார். எதற்கு வந்தாலும் கையில் பட்டை சுற்றப்படும். முழங்கால் வலிக்கு வந்தவருக்கும் சுற்றப்படும். குழந்தையைத் தூக்கி வந்த தகப்பனுக்கும் சுற்றப்படும். வருஷக்கணக்கில் வாசலையே மிதிக்காதவர்களின் பெயர்களைத் தனியே எடுத்து, அவர்களைத் தேடிப் பிடித்தார்கள். இப்படி ஊரிலிருந்த பெரியவர்களில் மிகச் சிலர் தவிர எல்லோருக்கும் பார்த்து முடித்தார்கள். பொறுப்பிலுள்ள நோயாளிகள் அத்தனை பேருக்கும் வழக்கமாக பிரஷர் பார்த்த முதல் டாக்டர் என்று மருத்துவ உலகம் அவரைச் சொல்கிறது. 1970-இல் இதை ‘லான்செட்’ இதழில் எழுதினார்.

இது ஏன் அவரால் முடிந்தது என்பதற்குக் காரணம் நல்ல மனசு மட்டும் இல்லை. பிரிட்டனில் 1948 முதல் நடக்கும் தேசிய சுகாதார சேவையில், ஊரில் ஒவ்வொருவரும் ஒரு டாக்டரிடம் பெயர் பதிந்திருப்பார்கள். வந்தாலும் வராவிட்டாலும் தலைக்கு இவ்வளவு என்று டாக்டருக்கு அரசு பணம் தரும். அதோடு அந்தக் காலத்தில் ஒவ்வொருவர் பெயரிலும் ஒரு சின்னக் காகித உறை இருந்தது. அதற்கு முந்தைய தலைமுறையின் இன்ஷூரன்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தவர் பெயரால் ‘லாய்ட் ஜார்ஜ் உறை’ என்பார்கள். நோயாளி ஊர் மாறினால் உறையும் மாறிப் போகும். ஆக, டியூடர் ஹார்ட்டின் மேஜையில் நோயாளிகளின் கூட்டத்துக்கு முன்பே ஊரின் பட்டியல் இருந்தது. பிரிட்டனின் எல்லா டாக்டர்களிடமும் அது இருந்தது. அவர் அதை எடுத்துப் படித்தார்.

25 வருஷம் கழித்து, 1991-இல் கணக்கு வெளிவந்தது. உயர் பிரஷர் என்று கண்டுபிடிக்கப்பட்ட 116 பேரின் சராசரி 186/110 இலிருந்து 146/84 ஆக இறங்கியிருந்தது. அவர்களில் புகைப்பவர்கள் 56 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். அதே வறுமை, அதே சுரங்கம், ஆனால் இப்படித் தேடிப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாத பக்கத்து ஊரோடு ஒப்பிட்டபோது, 65 வயதுக்கு முன் இறப்பவர்கள் கிளின்கோருக்கில் தெளிவாகக் குறைவு.

அதிசய மருந்து எதுவும் இல்லை. பெரிய மெஷின் எதுவும் இல்லை. நர்ஸ் பிரஷர் பார்த்தார், வரவேற்பு மேஜையில் இருந்தவர் விட்டுப்போனவர்களின் பெயரைக் குறித்து வைத்தார். ஒரே வேலையை கால் நூற்றாண்டு அலுக்காமல் செய்ததுதான் நடந்தது. 

காமாலையும் திருவிழாவும்

டியூடர் ஹார்ட்டுக்கு முன்னோடி ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் வென்ஸ்லிடேல் பள்ளத்தாக்கு. அங்கே எய்ஸ்கார்த் என்ற ஊரில் இருந்துகொண்டு சுற்றுக் கிராமங்களுக்கு வைத்தியம் பார்த்தவர் வில்லியம் பிக்கிள்ஸ். 1929-இல் அந்தப் பள்ளத்தாக்கில் மஞ்சள் காமாலை பரவியது. ஆறாயிரம் பேர்கூட இல்லாத இடத்தில் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குக் கண்டது.

காலையில் காமாலையோடு படுக்கையில் பார்த்த ஒரு வேலைக்காரப் பெண்ணை, அன்றே ஊர்த் திருவிழாவில் பார்த்தது பிக்கிள்ஸுக்கு நினைவிருந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் கழித்து அந்தத் திருவிழாவுக்கு வந்தவர்களில் பலருக்குக் காமாலை கண்டது. யார் யாரோடு பேசினார்கள், யார் எந்த வீட்டுக்கு விருந்துக்குப் போனார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அந்த ஊர்ப் பேச்சைக் கொண்டே, நோய் தொற்றிய நாளுக்கும் வெளிப்படும் நாளுக்கும் உள்ள இடைவெளியைக் கணக்கிட்டார். லண்டனின் பெரிய ஆஸ்பத்திரிகளில் அந்தக் கணக்கைப் போடுவது சிரமம். அங்கே வரும் நோயாளி நேற்று யார் வீட்டில் சாப்பிட்டார் என்று டாக்டருக்குத் தெரியாது. 1939-இல் பிக்கிள்ஸ் எழுதிய கிராம நோய்ப்பரவல் பற்றிய நூல் இன்றும் பேசப்படுகிறது. பிரிட்டனில் பொது மருத்துவர்களுக்கான கல்லூரி அமைந்தபோது, 1953-இல் முதல் தலைவராக அவரைத்தான் உட்கார வைத்தார்கள்.

கிராமத்து டாக்டர் என்றால் பட்டணத்து ஸ்பெஷலிஸ்ட் ஆக முடியாமல் போனவர் என்று ஒரு நினைப்பு நமக்கு உண்டு. பிக்கிள்ஸுக்குக் கிடைத்த கருவி எந்த ஸ்பெஷலிஸ்டிடமும் இல்லாதது.

ஊசியும் பொட்டலமும்

நம் ஊரில் நல்ல டாக்டர் என்பதை எப்படி முடிவு செய்கிறோம்? கைராசி இருக்கிறதா என்று கேட்போம். கூட்டம் எவ்வளவு என்று பார்ப்போம். விடியற்காலையிலேயே டோக்கன் தீர்ந்துவிட்டால் பெரிய டாக்டர். எவ்வளவு வாங்குகிறார் என்பது இன்னொன்று. ஐந்து ரூபாய் டாக்டர், பத்து ரூபாய் டாக்டர், இருபது ரூபாய் டாக்டர் என்று தமிழ்நாட்டு ஊர்கள் சிலரைக் கொண்டாடியிருக்கின்றன. அவர்கள் இறந்தபோது கடைகள் தாமாக ஷட்டரை இறக்கியிருக்கின்றன. அந்த மரியாதைக்கு அவர்கள் உரியவர்கள். ஆனால் கட்டணம் குறைவு என்பது அவர் மனசைப் பற்றிச் சொல்லும், வைத்தியத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

அப்புறம் ஊசி. “ஒரு ஊசி போட்டா போதும், காலையில எந்திரிச்சு வேலைக்குப் போயிடலாம்” என்பது ஒரு டாக்டருக்குக் கிடைக்கும் உச்ச சான்றிதழ். இதை அறியாமை என்று படித்தவர்கள் சிரிப்பதுண்டு. தினக்கூலிக்கு ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் சம்பளம் போனது. ஊசி கேட்பவரின் கணக்கு அந்த அளவுக்குச் சரியானதே. தப்பு, அந்தக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டு காய்ச்சல், உடம்பு வலி எல்லாவற்றுக்கும் ஊசியை ஏற்றி அனுப்பும் டாக்டரிடம்.

ஊசிக்குப் பிறகு கம்பவுண்டர் கையிலிருந்து பொட்டலம் வரும். வெள்ளை இரண்டு, மஞ்சள் ஒன்று, பாதி உடைத்த மாத்திரை ஒன்று. பெயர் இருக்காது, சீட்டும் இருக்காது. இரண்டு நாள் கழித்து நிலைமை முற்றி ஜி.ஹெச்.சுக்குப் போனால், என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்கும் டூட்டி டாக்டரிடம் “மஞ்சள் மாத்திரைங்க” என்றுதான் சொல்ல முடியும். என்னைக் கேட்டால், ஒரு கிராமத்து கிளினிக்கின் தரத்தைச் சோதிக்க வேறு எதுவும் பார்க்க வேண்டாம்; அந்தப் பொட்டலத்தின் மேல் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

எழுத்து இல்லாத இடத்தில் பட்டியலும் இருக்காது. போன மாதம் பிரஷர் மாத்திரை வாங்கிப் போனவர் இந்த மாதம் வரவில்லை என்றால், குணமாகிவிட்டதா, வேறு டாக்டரிடம் போய்விட்டாரா, காசு இல்லையா, செத்தே போய்விட்டாரா என்று டாக்டருக்குத் தெரியாது. வருகிறவர் காசு தருகிறார். வராதவர் அவர் கணக்கிலேயே இல்லை. இந்த ஏற்பாட்டுக்குள் எவ்வளவு நல்ல மனிதரை உட்கார வைத்தாலும் அவர் கண்ணுக்கு வராதவர் தெரிய மாட்டார்.

டாக்டர் அறைக்குள் என்ன நடக்கிறது என்பதை இந்தியாவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மத்தியப் பிரதேச கிராமங்களுக்கு, நோயாளியாக நடிக்கப் பயிற்சி பெற்றவர்களை அனுப்பினார்கள். ஒருவர் நெஞ்சுவலி என்பார், ஒருவர் மூச்சுத்திணறல் என்பார், ஒருவர் வீட்டில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்பார். ஜிஷ்ணு தாஸும் உடன் ஆய்வாளர்களும் 2012-இல் வெளியிட்ட முடிவு இது: வைத்தியம் பார்த்தவர்களில் 67 சதவீதம் பேருக்கு மருத்துவப் படிப்பே இல்லை. ஒரு நோயாளிக்குச் சராசரியாக நான்கு நிமிஷம்கூட ஒதுக்கவில்லை. சரியான சிகிச்சை மூன்றில் ஒருவருக்குக்கூடக் கிடைக்கவில்லை.

போலி டாக்டரை ஒழித்தால் சரியாகிவிடுமே என்று தோன்றும். ஆனால் அதே குழு 2016-இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நிம்மதி தராதது. அரசு டாக்டர்களையே எடுத்து, சுகாதார நிலையத்திலும் அவர்களுடைய சொந்த கிளினிக்கிலும் சோதித்தார்கள். அதே ஆள், அதே படிப்பு. சொந்த கிளினிக்கில் கூடுதல் நேரம் எடுத்துக் கேட்டார், சரியான சிகிச்சை தருவதும் அங்கே அதிகம். தெரியாமல் இல்லை. அரசு நாற்காலியில் அவரைக் கேள்வி கேட்க ஆளில்லை, சொந்த நாற்காலியில் நோயாளியின் காசு கேட்கிறது.

டியூடர் ஹார்ட் 1971-இல் எழுதிய கட்டுரை ஒன்று அவருடைய பிரஷர் கணக்கைவிடப் புகழ்பெற்றது. ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’ என்று அதற்குப் பெயர். எங்கே நோய் அதிகமோ அங்கே நல்ல வைத்தியம் குறைவாகவே போய்ச் சேரும். வைத்தியம் எவ்வளவுக்கு எவ்வளவு கடைச்சரக்கு ஆகிறதோ, அவ்வளவுக்கு இந்தத் தலைகீழ் முற்றும் என்பது அதன் சாரம். சேலத்தில் எத்தனை இதய ஸ்பெஷலிஸ்ட், கல்வராயன் மலையில் எத்தனை என்று யோசித்தால் விளக்கவுரை தேவைப்படாது.

நம்பிக்கையே தரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்: ஹெரால்ட் ஷிப்மன். மான்செஸ்டர் பக்கத்து ஹைட் என்ற சிறு நகரத்தில் மக்கள் விரும்பித் தேடிப் போன டாக்டர். வீட்டுக்கே வந்து பார்ப்பார், வயதானவர்களிடம் நின்று பேசுவார். அந்த வயதானவர்களுக்குத்தான் விஷ அளவில் போதை மருந்தை ஊசியில் ஏற்றிக் கொன்றுகொண்டிருந்தார். 2000-இல் 15 கொலைகளுக்குத் தண்டனை பெற்றார். பிறகு நடந்த அரசு விசாரணை 215 பேரை அவர் கொன்றதாக உறுதி செய்தது. ஒரு டாக்டரிடம் இத்தனை சாவு ஏன் என்று ஒருவர் வருஷா வருஷம் எண்ணியிருந்தால் வெகு முன்பே பிடிபட்டிருப்பார். இது எல்லை மீறிய உதாரணம்தான், எல்லா டாக்டரையும் சந்தேகிக்க இதைச் சொல்லவில்லை. ஊர் கையெடுத்துக் கும்பிடுவதும் ஊருக்கு நல்லது நடப்பதும் ஒன்றல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

நூறில் ஏழு பேர்

தமிழ்நாட்டுக்குப் பட்டியல் போடத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு பெண் கர்ப்பம் என்று தெரிந்ததும் கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் பெயர் ஏறுகிறது. தடுப்பூசிக்கு வரவில்லை என்றால் வீட்டு வாசலில் வந்து நிற்பார். ஒரு தாய் பிரசவத்தில் இறந்தால் அதை மாவட்ட அளவில் விசாரிக்கிறார்கள்: ஆம்புலன்ஸ் தாமதமா, ரத்தம் இல்லையா, அனுப்பிய டாக்டர் தாமதித்தாரா? கிளின்கோருக் டாக்டர் 500 சாவுக்கும் கேட்ட கேள்வியை நாம் ஒரே ஒரு வகைச் சாவுக்குப் பல வருஷமாகக் கேட்டு வருகிறோம். பிரசவச் சாவு இங்கே குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஐம்பது வயது ஆண் யார் பதிவேட்டில் இருந்தார்? 2020-இல் மாநிலம் முழுக்க எடுத்த ஆய்வில் தெரிந்தது: உயர் பிரஷர் உள்ளவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம். டியூடர் ஹார்ட் காலத்தில் பிரஷருக்கு ‘பாதி விதி’ என்று ஒன்று சொல்வார்கள். இருக்கிறவர்களில் பாதிப் பேருக்குத்தான் தெரியும். தெரிந்தவர்களில் பாதிதான் சிகிச்சை எடுக்கும். எடுப்பவர்களில் பாதிக்குத்தான் கட்டுப்படும். நூறு பேரில் பன்னிரண்டு. நாம் அதற்கும் கீழே இருந்தோம்.

2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இங்கேதான் வருகிறது. சுய உதவிக் குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையையும் கொடுக்கிறார்கள். பேனரில் யார் படம் இருக்கிறது என்பதைத் தாண்டிப் பார்த்தால், இது கிளின்கோருக்கில் நடந்ததன் நெருங்கிய உறவு: வராதவரைத் தேடிப் போவது. அடுத்து எடுத்த ஆய்வில் கட்டுக்குள் இருப்பவர்கள் 17 சதவீதமாக உயர்ந்திருந்தார்கள். இன்னும் நூறில் மீதி 83 பேர் இருக்கிறார்கள்.

இங்கே இல்லாதது, அந்த மாத்திரைக்குப் பின்னால் நிற்கும் தெரிந்த டாக்டர். கிராமத்தில் சேவை செய்தால் மேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்குச் சலுகை உண்டு. அதனால்தான் இளம் டாக்டர் கிராமத்துக்கு வருகிறார். சீட் கிடைத்ததும் போவதும் அதனால்தான். அவரைக் குறை சொல்ல எதுவும் இல்லை, ஏற்பாடே அப்படி. ஆனால் நோயாளி தன் கதையை மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். நார்வேயில் 2001 முதல் ஒவ்வொரு குடிமகனுக்கும் பெயர் சொல்லி ஒரு டாக்டர் இருக்கிறார். 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து அங்கே பார்த்தார்கள். ஒரே டாக்டரிடம் 15 வருஷத்துக்கு மேல் இருந்தவர்களை, சேர்ந்து ஒரு வருஷமே ஆனவர்களோடு ஒப்பிட்டால், ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்வது 28 சதவீதம் குறைவு, இறப்பது 25 சதவீதம் குறைவு. டாக்டர் மாறாததே முழுக் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வருஷம் கூடக் கூட எண்ணிக்கை படிப்படியாக இறங்கியது.

தங்கியவர்கள் நம்மிடமும் உண்டு. தர்மபுரி மாவட்டம் சித்தேரி, கல்வராயன் மலைகளுக்கு நடுவே சிட்லிங்கி பள்ளத்தாக்கில் ரெஜி ஜார்ஜ், லலிதா தம்பதி 1993-இல் ஒரு குடிசையில் தொடங்கிய ஆஸ்பத்திரி இன்றும் நடக்கிறது. அவர்கள் போனபோது அங்கே பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 ஒரு வயதைத் தாண்டவில்லை. அந்த எண் நமக்குத் தெரிவதே அவர்கள் முதலில் எண்ணியதால்தான். பிறகு மலைவாழ் பெண்களையே பயிற்றுவித்து நர்ஸ்களாகவும் ஊர் ஊராகப் போகும் சுகாதாரப் பணியாளர்களாகவும் ஆக்கினார்கள். குழந்தைச் சாவு பல மடங்கு குறைந்தது.

எண்ணுவதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. டியூடர் ஹார்ட் ஆசையாகச் செய்ததை 2004-இல் பிரிட்டன் சம்பளமாக்கியது. இத்தனை பேருக்கு பிரஷர் பார்த்தால் இவ்வளவு புள்ளி, புள்ளிக்கு இவ்வளவு பணம். புள்ளி உள்ள வேலைகள் நன்றாக நடந்தன. புள்ளி இல்லாதவை பின்தங்கின. நோயாளி தன் சொந்த டாக்டரைப் பார்ப்பதே குறைந்தது. நோயாளி அழுதுகொண்டிருக்கும்போது டாக்டர் கம்ப்யூட்டரில் கட்டம் நிரப்புகிறார் என்ற புகார் எழுந்தது. ஸ்காட்லாந்து 2016-இல் அந்த முறையையே கைவிட்டது. நம் ஊர் ‘இலக்கு’ மீட்டிங்குகளைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது: மாதக் கடைசியில் எண்ணிக்கை எப்படியாவது நிரம்பிவிடும். டியூடர் ஹார்ட்டின் எண்ணிக்கை மேலதிகாரிக்குப் போனதல்ல. தன் தப்பைத் தானே தேட வைத்திருந்த எண்ணிக்கை அது. அதனால் அதைப் பொய்யாக நிரப்பி அவருக்கு ஆகப்போவது எதுவும் இல்லை.

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு முப்பதாயிரம் பேர். கிளின்கோருக் மாதிரி ஒவ்வொருவரையும் பெயர் சொல்லித் தெரிந்துகொள்ள எந்த டாக்டராலும் முடியாது. துணை சுகாதார நிலையம் என்றால் ஐயாயிரம் பேர். அங்கே செவிலியர் இருக்கிறார், வீட்டுக்கு வரும் தன்னார்வலர் இருக்கிறார், இருவரும் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்கள். டாக்டர் மாறினாலும் இவர்கள் மாறுவதில்லை. பட்டியல் இருக்க வேண்டிய இடம் அதுதான். அதில் தனியார் கிளினிக்குக்குப் போகிறவரின் பெயரும் வேண்டும், எங்கேயும் போகாதவரின் பெயரும் வேண்டும்.

கிராம சபையில் தெருவிளக்குக்கு எவ்வளவு, மோட்டார் ரிப்பேருக்கு எவ்வளவு என்று வாசிக்கிறார்கள். ஃப்ளெக்ஸில் அச்சிட்டுக் கட்டியும் வைக்கிறார்கள். அதோடு இன்னும் நாலு வரி சேர்க்கலாம். நம் ஊரில் 30 வயதுக்கு மேற்பட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேருக்கு இந்த வருஷம் பிரஷரும் சுகரும் பார்க்கப்பட்டது, எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கிறது, 65 வயதுக்கு முன் எத்தனை பேர் இறந்தார்கள். பெயர் வேண்டாம், எண் போதும். நாலாவது வரியை வாசித்ததும் கூட்டத்தில் யாராவது எழுந்து “ஏன்?” என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல சுகாதார நிலையத்து டாக்டர் அந்த மேடையில் இருக்க வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. ஒன்றை இதற்கு ஒதுக்க அரசாணைகூடத் தேவையில்லை. ஒரு தீர்மானம் போதும்.